ரெண்டு ஆக்சிஜன் சென்சாரும் ஒரே நாளில் போயிடுச்சுன்னு சொன்னா, பணத்தை எடுக்காதீங்க

சேலத்தில் ஒரு பட்டறை. 2018 மாடல் பெட்ரோல் கார், பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி) வண்டி. மஞ்சள் என்ஜின் விளக்கு எரிகிறது என்று உள்ளே விட்டார்கள். ஸ்கேனரில் இரண்டு கோடு (கோளாறு எண்) வந்தது: பி0135, பி0141. "முன்னாடி சென்சார், பின்னாடி சென்சார் ரெண்டுமே அவுட்டு சார், ஒரிஜினல் போட்டுடறோம்" என்றார்கள். பில் 11,400 ரூபாய். விளக்கு அணைந்து வண்டி கைக்கு வந்தது. நாலாம் நாள் ஏற்காடு ஏறும்போது, இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, அதே விளக்கு. அதே இரண்டு கோடு.

அந்தக் கோடுகளே விஷயத்தைச் சொல்லிவிட்டன. ஆக்சிஜன் சென்சார் என்பது எக்ஸாஸ்ட் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளப்பது; அது சீக்கிரம் சூடாகி வேலை செய்ய உள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. பி0135 என்றால் முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். பி0141 பின் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். சென்சார் செத்துவிட்டது என்று இரண்டுமே சொல்லவில்லை. ஹீட்டரிலோ அதற்குப் போகும் கரண்டிலோ கோளாறு என்றுதான் சொல்கின்றன. பெரும்பாலான வண்டிகளில் இரண்டு ஹீட்டருக்கும் கரண்ட் ஒரே ஃபியூஸ் வழியாகத்தான் போகும். ஒரு வீட்டில் இரண்டு பல்பும் ஒரே நொடியில் அணைந்தால் யாரும் பல்பு வாங்க ஓட மாட்டார்கள், மெயினைப் பார்ப்பார்கள். இங்கேயும் முதலில் திறக்க வேண்டியது ஃபியூஸ் பாக்ஸ் மூடி.

வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தபோது கதை தெளிவானது. பின் சென்சார் பழையதேதான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஆறுமுக நட்டின் விளிம்பில் பழைய ஸ்பேனர் தழும்பு அப்படியே இருந்தது. அதன் ஒயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்து, ஒயர் எக்ஸாஸ்ட் பைப் மேல் கிடந்தது. உருகிய இடத்தில் கறுப்பு டேப் சுற்றி, புது ஃபியூஸ் போட்டு, கோடை அழித்துக் கொடுத்திருக்கிறார்கள். மலைப்பாதையில் இரண்டாம் கியரிலேயே நீண்ட நேரம் இழுத்தால் பைப் கொதிக்கும், டேப் தாங்குமா? ஒயர் பாடியில் பட்டு ஷார்ட் ஆக, ஃபியூஸ் மறுபடி போனது. முன் சென்சார் மட்டும் புதிது. அதுவும் பெயரில்லாத யுனிவர்சல் ரகம் (எந்த வண்டிக்கும் என்று விற்பது), பழைய கப்ளரை (ஒயரை இணைக்கும் பிளக்) வெட்டி முறுக்கி டேப் ஒட்டியது. ஒயரை வெட்டி ஒட்டுவதில் இன்னொரு வில்லங்கம் உண்டு: பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயரின் உள்ளிழைகள் வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் வைத்துப் பற்றவைத்தாலோ கிரீஸ் அடைத்தாலோ ரீடிங் தப்பாகும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஃபியூஸை மூடியில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கே மாற்றுங்கள். "அடிக்கடி போகுது, பெரிசா போட்டுடு" என்பவர் பேச்சைக் கேட்டால் ஒயரிங்கே எரியும். ஃபியூஸ் நல்லதாக இருந்தால், என்ஜின் ஆறிய பிறகு கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயருக்கு (பல வண்டிகளில் வெள்ளை) நடுவே ஓம்ஸ் பாருங்கள். சாதாரணமாக 3 முதல் 15 ஓம்ஸுக்குள் வரும். உங்கள் மாடலின் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மீட்டர் அசையவே இல்லையென்றால் ஹீட்டர் அறுந்தது, அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை, கழற்றுவதுதான் கஷ்டம். தேவை, ஒயர் நுழையப் பக்கவாட்டில் வெட்டு உள்ள 22 நம்பர் சென்சார் சாக்கெட். ஓபன் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும், பிறகு எதுவும் பிடிக்காது. முதல் நாள் இரவே மரையில் துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, கையுறை போட்டு, இளஞ்சூட்டில் திருப்புங்கள். கொதிக்கும்போது வேண்டாம். இறுகினால் முரட்டுத்தனமாக இழுக்காமல் கால் சுற்று அவிழ்த்து, கொஞ்சம் முறுக்கி, மறுபடி அவிழ்த்து என்று முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் மரை சென்சாரோடு உரிந்து வரும். மரை லேசாகக் கெட்டிருந்தால் எம்18×1.5 டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யலாம். வண்டிக்குக் கீழே படுப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

புதியதின் மரையில் கம்பெனியிலேயே ஆன்டிசீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கும் பசை) தடவியிருப்பார்கள். மேற்கொண்டு தடவினால் மரையோடு நிறுத்துங்கள், துளையுள்ள முனையில் பட்டால் சென்சார் பாழ். கீழே விழுந்ததைப் போடாதீர்கள், உள்ளே பீங்கான். முதலில் கையால் திருகி உட்காரவைத்து, பிறகு டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள், சுமாராக 40 முதல் 45 நியூட்டன் மீட்டர் இருக்கும். மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. சென்சாரை இறுக்கிய பிறகுதான் கப்ளரை மாட்ட வேண்டும், இல்லையேல் ஒயர் முறுக்கிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டில் சாதா சிலிக்கான் பேஸ்ட் பூசி ஒழுகலை அடைப்பவர்கள் உண்டு. அந்த ஆவி சென்சார் முனையில் படிந்து அதைக் கொன்றுவிடும். கிளிப்பை மறக்காதீர்கள், இந்த வண்டியைக் கெடுத்ததே அதுதான்.

பட்டறையில் விட்டே ஆகவேண்டுமென்றால் பழைய சென்சாரைக் கையில் கேளுங்கள். புது டப்பாவின் பார்ட் நம்பரும் சென்சார் உடம்பில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பில்லில் அந்த நம்பர் எழுதச் சொல்லுங்கள். புளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டிக் கம்ப்யூட்டரின் தகவலைப் போனில் காட்டுவது) இருந்தால் டெலிவரியின்போது ரெடினஸ் மானிட்டர் பக்கத்தைத் திறங்கள். வண்டி தன் சுயசோதனைகளை முடித்துவிட்டதா என்று அது காட்டும். பெரும்பாலானவை "முடியவில்லை" என்றிருந்தால் கோடு இப்போதுதான் அழிக்கப்பட்டிருக்கலாம். அதுவே மோசடி ஆகாது, பார்ட் மாற்றினாலும் அழிக்கத்தான் வேண்டும். ஆனால் விளக்கு அணைந்திருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது, ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஏற்காட்டு இறக்கமே நல்ல சோதனைக்கூடம். பக்கத்து சீட்டில் இருப்பவர் போனில் முன் சென்சார் வோல்டேஜைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் வேண்டவே வேண்டாம். சமதளத்தில் சூடான வண்டியில் அது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே துள்ளும். இறக்கத்தில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் நின்று வெறும் காற்று போகும்; வோல்டேஜ் பூஜ்யத்தை ஒட்டி விழ வேண்டும். எது செய்தாலும் 0.45லேயே நின்றால் சென்சாரோ ஒயரோ வேலை செய்யவில்லை. பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் முன்னால் இருப்பது ஏர் ஃபியூயல் சென்சார். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அந்த 2018 வண்டிக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு ஃபியூஸ், ஒரு கிளிப், ஒரு அடி வெப்பம் தாங்கும் ஸ்லீவ். இப்போது மேலதிகமாக ஒரு முன் சென்சாரும் வாங்க வேண்டியதாயிற்று, கப்ளரோடு.