வலையில்லாத கட்டிங் டிஸ்க்கை வலை உள்ளதாகச் சொல்லி விற்கிறார்கள், கவனம்

மடக்குக் கத்தி செய்பவர்கள் யாராவது ரோட்டரி டூலுக்கு (கையில் பிடித்து வேலை செய்யும், வேகமாகச் சுழலும் சிறு கருவி) இணையத்தில் கட்டிங் டிஸ்க், அதாவது உலோகம் வெட்டும் வட்டு, வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். "உள்ளே கண்ணாடி இழை வலை, 35,000 ஆர்.பி.எம். வரை தாங்கும்" (அதாவது நிமிடத்துக்கு 35,000 சுற்று) என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த 38 மி.மீ. டிஸ்க் பாக்கெட்டை நம்பி வாங்கினேன். உள்ளே வலை என்பதே கிடையாது.

1.5 மி.மீ. டைட்டானியம் தகட்டில் லைனரின் (கத்திக் கைப்பிடியின் உட்புறத் தகடு) முதுகுப் பக்கத்தை நேர்கோட்டில் வெட்டிக்கொண்டிருந்தேன். தகடு வைஸில் இறுகப் பிடித்திருந்தது. வேகம் அட்டையில் போட்டிருந்ததில் பாதிகூட இல்லை. பிவட் துளையை (அலகு மடங்கித் திரும்பும் அச்சுக்கான துளை) தாண்டும்போது டிஸ்க் சுக்குநூறாகச் சிதறியது. ஒரு துண்டு முகக்கவசத்தில் கண்ணுக்கு நேரே பட்டு வெள்ளையாகத் தடம் விட்டது. வெறுமையாகச் சுழன்ற மாண்ட்ரலின் (டிஸ்க்கை மாட்டும் தண்டு) திருகுத் தலை லைனரின் மெருகேற்றிய பக்கத்தைக் கீறித் தள்ளிவிட்டது. தகடு போனால் போகிறது. கவசம் போடாமல் வேலை செய்கிற ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால்? அதை நினைத்துத்தான் இன்னும் கோபம் அடங்கவில்லை.

உடைந்த விளிம்பை லென்ஸில் பார்த்தேன். ஒரு நூல் நுனிகூட இல்லை, பிஸ்கட் உடைந்த மாதிரி இருந்தது. அப்படியானால் மேலே தெரிந்த வலைக் கோடுகள்? நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தன. வெறும் அச்சு! மீதியிருந்ததில் ஒன்றைக் கையுறையோடு வளைத்தேன், படக்கென்று ஒடிந்தது. உண்மையான வலை டிஸ்க் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். உடைந்தாலும் துண்டுகள் பெரும்பாலும் இழையில் தொங்கும், எளிதில் பறக்காது.

வலையில்லாத மெல்லிய டிஸ்க்குகள் மேல் எனக்குக் குறை இல்லை. சுமார் 24 மி.மீ. அளவில், "எளிதில் உடையும்" என்று சொல்லியே விற்கிறார்கள். லாக் பாருக்கு (விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பட்டை) மெல்லிய வெட்டு போட அவை நல்ல பொருள். ஆனால் 38 மி.மீ. டிஸ்க்கை 35,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் போகும். வேகம் இரண்டு மடங்கானால் டிஸ்க்கைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். அந்த இடத்தில் பொய் எழுதுவது வியாபாரத் தந்திரம் இல்லை, ஆளைக் குருடாக்கும் வேலை.

விற்றவரிடம் படங்களோடு முறையிட்டேன். "பக்கவாட்டில் அழுத்தியிருப்பீர்கள்" என்றார். உதிர்ந்த அச்சைக் காட்டியதும் பேச்சு மாறியது: பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டாராம், ஐந்து நட்சத்திரம் போட்டால் இன்னொரு பாக்கெட் இலவசமாம். அதே சரக்கு! மறுத்தேன். பணம் திரும்பவே இல்லை.

எந்தக் கடையில் வாங்கினாலும் பாக்கெட்டுக்கு ஒன்றைப் பலி கொடுத்து உடைத்துப் பாருங்கள். நடுத் துளையின் ஓரத்தில் இழை தெரிகிறதா என்றும் பாருங்கள். புது டிஸ்க்கை மாட்டியதும் அது சுழலும் நேர்கோட்டிலிருந்து முகத்தை விலக்கி, வெறுமையாக ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு உலோகத்தில் வையுங்கள். அச்சடித்த வலையோடு பாக்கெட் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைக் குப்பையில் போடுங்கள், யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.