மும்பை முகமது அலி சாலையில் வாங்கிய பச்சை ஆப்பிள் அத்தர்

ஆப்பிள் வாசனை பிடிக்கும் என்பவர்கள் கடைக்குப் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ரோஜாவையும் வெட்டிவேரையும் வடிப்பதுபோல ஆப்பிளை வடித்து அத்தர் எடுக்க முடியாது. பெர்ஃப்யூமில் வருகிற ஆப்பிள், ஹெக்ஸைல் அசிடேட் மாதிரியான எஸ்டர்கள் என்கிற வாசனை வேதிப்பொருட்களைக் கலந்து உருவாக்குவது. அந்த ஹெக்ஸைல் அசிடேட் நிஜ ஆப்பிளிலும் இருக்கிறது என்பது வேறு விஷயம். ‘இயற்கை ஆப்பிள் அத்தர்’ என்று யாராவது விற்றால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

மினாரா மசூதிப் பக்கம் நான் வாங்கிய கடைக்காரர் இதில் நேர்மையான மனிதர். கேட்பதற்கு முன்பே, "யே கம்பவுண்ட் ஹை, பெஹன்ஜி" (இது கலவைதான், அக்கா) என்று சொல்லிவிட்டார். 6 மில்லி 250 ரூபாய்.

தடவியதும் வருவது பழுக்காத பச்சை ஆப்பிளின் தோல் வாசனை. புளிப்பு தூக்கலாக, கூடவே லேசாக நெயில் பாலிஷ் நெடி. அந்த நெடி ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்கப்புறம் அருமை! ஆனால் மஸ்ஜித் ஸ்டேஷனில் ஹார்பர் லைன் ரயில் ஏறியவளுக்கு சிவ்ரி வரைக்கும்தான் ஆப்பிள். வடாலாவில் பாதி போய்விட்டது. குர்லா தாண்டி செம்பூரில் இறங்கும்போது கையில் மிச்சமிருந்தது வெறும் மஸ்க், அதாவது கஸ்தூரி வாசனை. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். எஸ்டர்கள் சீக்கிரம் ஆவியாகிறவை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம்.

பெரிய பெர்ஃப்யூம்காரர்கள் இதற்குத்தான் ஆப்பிளைத் தனியே விடுவதில்லை. என் வீட்டுக்காரர் போடும் பாஸ் பாட்டில்ட் 1998இல் ஆனிக் மெனார்டோ செய்தது. அதில் ஆப்பிளுக்குக் கீழே பட்டை, வெனிலா, மரவாசனை எல்லாம் இருப்பதால் சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போடும்போதுகூட ஏதோ ஒரு இனிப்பு மிச்சமிருக்கும். 2004இல் வந்த டிகேஎன்ஒய் பீ டெலீஷியஸில் ஆப்பிளோடு வெள்ளரிக்காய். ஆப்பிள் வடிவ பாட்டிலே பாதி விலைக்குத் தகும், என்னைக் கேட்டால்.

நான் இப்போது செய்வது இது: அதே கடையில் வாங்கிய சந்தன அத்தரை முதலில் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்து, அது காய்ந்தபின் மேலே ஆப்பிள். சந்தனம் மெதுவாகப் போகிற சரக்கு. ஆப்பிள் மறைந்தாலும் கை வெறுமையாகத் தெரிவதில்லை. ஆபீஸ் முழுநாளுக்கு இது போதாது. கோயிலுக்கோ மாட்டுங்கா மார்க்கெட்டுக்கோ போய்வர தாராளம். பட்டுப்புடவையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கறை போகாது.

ரோல்-ஆன் பாட்டிலாகக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிக் குச்சி வைத்த மூடி பார்க்க அழகு, ஆனால் கைப்பையில் கசிகிறது. ரம்ஜான் மாத மாலைகளில் அந்தத் தெருவில் நிற்கவே இடமிருக்காது, நாலு வாசனை முகர்ந்து பார்க்க வேண்டுமென்றால் மற்ற மாதங்களில் மதியமாகப் போங்கள்.