உறையா, பெட்டியா, உடம்பிலேயா: கோட்டோடு பயணம் போக எது நல்ல வழி?

மூன்று நாள் அலுவல் பயணம். இரண்டு கூட்டங்கள், ஓர் இரவு விருந்து. எல்லாவற்றுக்கும் கோட், பேன்ட், டை வேண்டும். விமானத்துக்குள் கையோடு எடுத்துச்செல்லும் பெட்டிக்குப் பல நிறுவனங்கள் வைத்திருக்கும் எல்லை 7 கிலோ. சில நிறுவனங்கள் 8 அல்லது 10 கிலோ வரை விடுகின்றன. இதற்குள் முடித்துக்கொள்ள முடியுமா? தாராளமாக முடியும். ஒருமுறை சரக்குப் பகுதியில் போட்ட என் பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. முந்தைய இரவு போட்டிருந்த கசங்கிய சட்டையோடு கூட்ட அறைக்குள் நுழைந்தேன். அதன் பிறகு கோட்டை என் கண்பார்வையை விட்டு அனுப்புவதே இல்லை.

கோட்டைத் தொங்கவிட்டபடி நீள உறையில் கொண்டுபோகலாம், மடித்துச் சக்கரப் பெட்டியில் வைக்கலாம், அல்லது போட்டுக்கொண்டே போகலாம்.

உறைதான் பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். மாட்டிவைக்க ஒரு கொக்கி கிடைக்கும் கார் பயணத்தில் அது சரிதான். விமானத்தில் உறையை இரண்டாக மடித்துத்தான் தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்க முடியும். அடுத்து வருபவர் தன் பெட்டியை அதன்மேல் தள்ளுவார். உள்ளே தாங்கல் இல்லாததால் அந்த ஒற்றை மடிப்பு கத்தி வைத்தாற்போலப் பதிந்துவிடும். சட்டைகளுக்கும் மற்றவற்றுக்கும் இன்னொரு பை வேறு தேவைப்படும். விமானப் பயணத்துக்கு உறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போட்டுக்கொண்டு போனால் பெட்டியில் எடை மிச்சம். ஆனால் இஸ்திரி போடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்: சூடு, ஈரம், அழுத்தம். இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் முதுகில் இந்த மூன்றும் இருக்கின்றன. முதுகிலும் முழங்கையிலும் விழும் சுருக்கங்களை நாமே அழுத்திப் பதியவைக்கிறோம். ஏறும்வரை போட்டுக்கொண்டு, உட்காரும் முன் கழற்றி, உட்புறம் வெளியே வரும்படி மடித்து, அடுக்கில் எல்லாப் பெட்டிகளும் ஏறிய பிறகு அவற்றின் மேல் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரப் பயணத்துக்கு இதுவே நல்ல வழி. இரவு முழுவதும் பறக்க வேண்டியிருந்தால் வேண்டாம்.

மிஞ்சுவது பெட்டி. அங்கே எப்படி மடிக்கிறோம் என்பதுதான் எல்லாம். கோட்டின் இடது தோளை மட்டும் உள்வெளியாகப் புரட்டி, வலது தோளை அதற்குள் செருகினால் கோட் நீளவாக்கில் பாதியாகிவிடும். வெளியே தெரிவது உள்துணி மட்டுமே. நடுவில் ஒரு மென்மையான சட்டையைச் சுருட்டி வைத்து அதன்மேல் மடித்தால், மடிப்பு கூர்மையாக விழாமல் வளைவாக அமையும். இன்னொரு முறை பொதி கட்டுவது. கோட்டை அடியில் விரித்து, அதன்மேல் பேன்ட், சட்டைகள் என்று திசை மாற்றி அடுக்கி, காலுறைகளையும் உள்ளாடைகளையும் நடுவில் ஒரு சிறு மூட்டையாக வைத்து, ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். சுருக்கம் விழாமல் காப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஒரு சட்டையை எடுக்க முழுப் பொதியையும் பிரிக்க வேண்டும். ஒரே ஊரில் தங்குபவருக்குப் பொதி, நாளுக்கொரு ஊர் மாறுபவருக்குத் தோள் மடிப்பு என்பது என் முடிவு. கோட்டைச் சுருட்ட மட்டும் சுருட்டாதீர்கள். தோள்பட்டைத் திண்டு உருக்குலைந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டியைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுபவர்கள் துணியைக் கவனிப்பதில்லை. பருத்தியிலும் லினனிலும் ஈரம் பட்டதும் இழையின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்கின்றன. காயும்போது கசங்கிய வடிவத்திலேயே மறுபடி பிணைந்துகொள்கின்றன. இஸ்திரி இல்லாமல் அது நேராகாது. கம்பளி இழைக்கு இயற்கையாகவே அலை அலையான நெளிவு உண்டு. இரவு ஹேங்கரில் மாட்டிவைத்தால் பெரும்பாலான சுருக்கங்கள் காலைக்குள் இறங்கிவிடும். பிடிவாதமாக நிற்பவை, வெந்நீர் திறந்துவிட்ட குளியலறையில் பதினைந்து நிமிடம் தொங்கினால் தளர்ந்துவிடும். பாலியஸ்டர் எளிதில் கசங்காது என்பது உண்மை. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, வாடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டாம் நாள் அதைப் போட்டுக்கொண்டு நெருக்கமான அறையில் உட்கார எனக்கு மனம் வராது.

கம்பளியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கம்பளித் துணிக்குச் சொல்லும் சூப்பர் 100, சூப்பர் 150 என்ற எண்கள் இழை எவ்வளவு மெல்லியது என்பதைக் குறிப்பவை. 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது. 150 என்றால் 16.25. எண் ஏற ஏற விலையும் பளபளப்பும் ஏறும், கசங்கும் குணமும் சேர்ந்தே ஏறும். பயணத்துக்கு 100 முதல் 120 வரை போதும். கூடுதல் முறுக்கேற்றிய நூலில் நெய்தது கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பெண்களுக்குப் பின்னல் துணியில் தைத்த கோட்டும் கிடைக்கிறது. பெட்டியில் எப்படி வைத்தாலும் அவ்வளவாகக் கசங்காது.

சட்டையைப் பொறுத்தவரை நாளுக்கொன்று எடுத்துப்போவதா, இரவில் துவைத்துப் போடுவதா என்ற கேள்வி நான்கு நாளுக்கு மேல் போனால்தான் எழ வேண்டும். துவைப்பதானால், பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி இன்னொருமுறை முறுக்குங்கள். காய ஆகும் நேரம் நன்றாகக் குறையும். இஸ்திரி தேவையில்லை என்று விற்கும் பருத்திச் சட்டைகளில் ரசாயனப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். சுருக்கம் குறைவு, புழுக்கம் சற்று அதிகம். பயணத்துக்கு அந்தப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஷூ ஒரே ஜோடி, கறுப்பு, காலில்.

கடைசியாக, ஒரு கோட்டா இரண்டா? ஒன்று போதும், அதுவும் கோடோ கட்டமோ இல்லாத கருநீலமோ அடர்சாம்பலோ. சட்டையும் டையும் மாறினால் நேற்றைய கோட் என்று யாருக்கும் தோன்றாது. காபி கொட்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் உட்கார்ந்து சாப்பிடுபவருக்குக் கொட்டுவது பெரும்பாலும் மடியில்தான். முழங்காலில் முதலில் தொய்வதும் பேன்ட்தான். அதனால் கோட் தைக்கும்போதே அதே துணியில் இரண்டு பேன்ட் தைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கோட்டுக்குப் பிடிக்கும் இடத்தில் சிறு பகுதிதான் அந்தப் பேன்ட்டுக்குப் பிடிக்கும்.