கீசர் வால்வின் வாயை அடைத்துவிட்டு 850 ரூபாய் வாங்கிப் போனார்

தர்மபுரியில் பென்னாகரம் சாலைப் பக்கம் இருக்கிறோம். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். அதில் உப்பு எவ்வளவு என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கார்த்திகை மாதம் எங்கள் 25 லிட்டர் கீசருக்கு அடியில் இருக்கும் சேஃப்டி வால்வு சொட்ட ஆரம்பித்தது. கடையில் சொல்லி மெக்கானிக்கை வரவழைத்தோம். பத்து நிமிட வேலை. "வால்வு போயிருச்சுக்கா, புதுசு மாத்திட்டேன்" என்றார். வால்வுக்கு 600, கூலி 250. பில் கேட்டதற்கு, அப்புறம் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். சொட்டுவது நின்றுவிட்டதால் நானும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் மாமியார் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தார். ஆவியும் கொதிக்கிற தண்ணீருமாகச் சீறி அடித்தது. புறங்கை முழுக்கக் கொப்புளம். கீசரின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. ஓடிப்போய் மெயினை ஆஃப் செய்தேன்.

ஓசூரில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் என் சித்தி மகன் சாயங்காலம் வந்து வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "அக்கா, இது பழசுதான்." தண்ணீர் சொட்ட வேண்டிய சின்ன வாயில், ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையை அழுத்தி அடைத்திருந்தார்கள். சாம்பல் நிறத்தில் இறுகிப்போன அந்த எம்-சீலின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் அரை லிட்டர் கூடும். வந்த வழியே திரும்பிப் போக முடியாதபடி வால்வு தடுத்துவிடும். அந்தக் கூடுதல் தண்ணீர்தான் சொட்டாக வெளியே வருகிறது. ஆகவே கீசர் ஓடும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஆஃப் செய்து ஆறிய பிறகும் சொட்டினால்தான் உள்ளே உப்போ தூசியோ சிக்கியிருக்கும். அப்போது மாற்ற வேண்டும்.

எங்கள் கீசரில், சூடு போதுமானதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது, வெளியேற வழி இல்லை. அழுத்தம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலையும் ஏறும். 8 பார் அழுத்தத்தில் 170 டிகிரியைத் தாண்டினால்தான் கொதிக்கும். அந்த நிலையில் டேங்க் வெடித்தால் தண்ணீரில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகிவிடும். ஆவி, தண்ணீரைப் போல 1,600 மடங்கு இடம் கேட்கும். குளியலறைச் சுவர் தாங்காது.

மறுநாள் கடைக்குப் போனேன். "சொட்டாம இருக்கணும்னு நீங்கதானம்மா கேட்டீங்க" என்றார் கடைக்காரர். கேட்டேன்தான். ஆனால் புது வால்வு என்று சொல்லிக் காசு வாங்கியது யார்? அதற்குப் பதிலே இல்லை. பில் இல்லாததால் அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

உங்கள் வீட்டில் இன்றைக்கே கீசருக்கு அடியில் எட்டிப் பாருங்கள். வால்வின் சொட்டு வாயில் மூடி, எம்-சீல், டேப் எதுவும் இருக்கக் கூடாது. அதிலிருந்து ஒரு குழாய் தரையை நோக்கி இறங்கி, முனை திறந்தபடி இருக்க வேண்டும். நடுவில் திருகு குழாயும் கூடாது. வால்வில் சின்ன நெம்புகோல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கரண்டை நிறுத்தித் தண்ணீர் ஆறிய பிறகு, தூக்கிப் பாருங்கள். தண்ணீர் வந்து, விட்டதும் நிற்க வேண்டும். வராவிட்டால் உப்பு பிடித்து இறுகிவிட்டது, மாற்றிவிடுங்கள். மாற்றும்போது கீசர் தகட்டில் எத்தனை பார் என்று போட்டிருக்கிறதோ அதற்கு மேல் போகாத வால்வுதான் வேண்டும், எங்களுடையது 8. பழைய வால்வைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், பில்லையும் சேர்த்து. விளக்கு அணையவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே ஆள் வேலை பார்த்த வீடுகள் எங்கள் தெருவில் இன்னும் மூன்று. இரண்டைப் பார்த்துவிட்டோம், ஒன்றில் அதே எம்-சீல். மூன்றாவது வீட்டுக்காரர்கள் பெங்களூர் போயிருக்கிறார்கள். வந்ததும் கீசர் போட வேண்டாம் என்று போனில் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.