மதுரையிலிருந்து பைக்கும் படகும்: தேக்கடி, ஆலப்புழை, ஒகேனக்கல், பிச்சாவரம்

மதுரைக்கென்று ஓர் ஆறு இருந்தும் அதில் படகு மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடுகிற நாள்கள் ஆண்டில் சொற்பமே என்பதால், பைக் பயணத்தோடு படகுச் சவாரியையும் சேர்த்துக்கொள்ள விரும்பும் நண்பர் குழு, நீரைத் தேடி வெளியூருக்குத்தான் வண்டியைத் திருப்பியாக வேண்டும். ஐந்தாறு வண்டிகள், எட்டிலிருந்து பத்துப் பேர், சனி ஞாயிறோடு ஒட்டி வரும் ஒரு விடுமுறை என்று வைத்துக்கொண்டால் தேக்கடி, ஆலப்புழை, ஒகேனக்கல், பிச்சாவரம் ஆகிய நான்கு பெயர்களே பெரும்பாலும் பேச்சில் அடிபடுகின்றன. எந்தச் சாலை ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும் என்பதில் தொடங்கும் அந்தப் பேச்சு பல சமயம் அதிலேயே முடிந்தும்விடுகிறது. சாலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது இவ்வகைப் பயணத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. பைக் நாம் நினைத்த நேரத்தில் புறப்படும். படகு அதன் நேரத்தில்தான் புறப்படும். கூட்டமாகச் செல்கையில் குழுவின் வேகம் என்பது அதிலுள்ள மிக மெதுவான வண்டியின் வேகமே ஆகையால், படகு நமக்காக எவ்வளவு காத்திருக்கும், அந்த நேரத்தில் வண்டிகள் எங்கே நிற்கும் என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்டுவிட்டு, சாலையைப் பிறகு பார்ப்பதே முறை.

இந்த அளவுகோலில் மிகக் கண்டிப்பானது தேக்கடி. தூரத்தில் மிக அருகில் இருப்பதும் அதுவே. உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டிக் கணவாய், தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். சாலையை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் நான்கில் இதற்கே முதலிடம் தருவேன். சின்னமனூரைத் தாண்டியதும் இருபுறமும் விரியும் திராட்சைப் பந்தல்களும், லோயர் கேம்ப்பில் மலைச்சரிவு முழுவதும் இறங்கிவரும் ராட்சதக் குழாய்களும், அதற்கு மேல் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகளும் போதும். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் சுரங்கம் வழியாக மலையைத் துளைத்து, அந்தக் குழாய்களில் இறங்கி மின்சாரம் தந்துவிட்டு, வைகை அணைக்குப் போய்ச் சேர்கிறது. மதுரையின் குழாயடியில் நாம் பிடிக்கும் தண்ணீரின் ஒரு பங்கு எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியை எதிர்த்திசையில் ஏறிப்போய் அதன் மீதே படகில் செல்கிறோம் என்பது, வேறெந்த இடத்துக்கும் இல்லாத ஒரு பொருத்தம்.

ஆயினும் படகுத் துறையில் நிலைமை வேறு. சொந்த வண்டிகளைக் குமுளியில் உள்ள வாகன நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு, வனத்துறைப் பேருந்தில் ஏறித்தான் உள்ளே போக முடியும். காலை ஏழரைக்குக் கிளம்பும் முதல் சவாரியிலிருந்து மாலை மூன்றரைக்குக் கிளம்பும் கடைசிச் சவாரி வரை ஐந்து சவாரிகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீடிப்பவை. அவற்றின் நேரம் யாருக்காகவும் மாறாது. ஒருமுறை ஏழு வண்டிகளில் நாங்கள் சென்றபோது, கடைசி வண்டிக்குச் சின்னமனூருக்கு அருகில் பஞ்சர் ஆகி, அதில் போன முக்கால் மணி நேரத்தைப் பிறகு எங்கும் ஈடுகட்ட முடியாமல், முன்பதிவு செய்திருந்த மூன்றரை மணிப் படகு கிளம்பிய பிறகே பேருந்தை விட்டு இறங்கினோம். குறை எங்கள் கணக்கில்தான் இருந்தது. முதல் நாள் மாலையே குமுளிக்குப் போய்த் தங்கி, மறுநாள் ஏழரை மணிச் சவாரியைப் பிடித்திருக்க வேண்டும். யானைகளும் காட்டெருமைகளும் கரையோரம் தண்ணீருக்கு வருவதைக் காண வாய்ப்புள்ள நேரமும் அதுவே. அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் பட்ட அடிகள் இன்னும் நீருக்கு மேலே நிற்பதும், அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கை விரித்துக் காய்வதும் அந்தக் காலைப் பனியில் தனி அழகு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். உயிர்காப்பு அங்கியை அணிவதும், இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பதும், விலங்கைக் கண்டதும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடாமல் இருப்பதும் அங்கே சடங்குக்காகச் சொல்லப்படுபவை அல்ல. பைக்கில் வந்த உற்சாகத்தில் இருக்கும் இளைஞர் குழு இதைக் கேட்டு நடப்பது கடினம் என்பதால், ஏறும் முன்பே குழுவின் மூத்தவர் ஒருவர் கண்டிப்பாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஆலப்புழை, தேக்கடிக்கு எதிரியல்ல, அதே சாலையின் நீட்சி. குமுளியில் நிற்காமல் வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம் என்று தேயிலைத் தோட்டங்களுக்கிடையே போய், சாலையோரத்திலேயே விழும் வளஞ்ஞங்கானம் அருவியைக் கடந்து முண்டக்கயத்தில் இறங்கினால், கோட்டயம் வரை ரப்பர் மரங்களின் நிழல். மதுரையிலிருந்து மொத்தம் 290 கிலோமீட்டர் அளவில் வரும். குழுவாக ஓட்டும்போது இதை ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் அன்றே படகேற நினைக்கக் கூடாது. முதல் நாள் கோட்டயத்திலோ சங்ஙனாச்சேரியிலோ தங்கி, மறுநாள் முற்பகலில் ஆலப்புழைக்குப் போவதுதான் உடம்புக்கும் வண்டிக்கும் நல்லது.

அங்கே இரண்டு வகைப் படகுகள் உண்டு. இரண்டும் இரு வேறு பயணங்கள். கெட்டுவள்ளம் என்னும் படகுவீடு பெரும்பாலும் நண்பகலில் ஏற்றிக்கொண்டு, மாலையானதும் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் கரையோரம் கட்டப்பட்டு, மறுநாள் காலை ஒன்பது மணியளவில் இறக்கிவிடும். அதாவது இருபத்தோரு மணி நேர வாடகையில் படகு நகர்வது சில மணி நேரமே. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் போய் ஏமாந்தவர்கள் பலர். ஆனாலும் முந்தின நாள் முழுவதும் வண்டி ஓட்டிய கைக்கும் இடுப்புக்கும், சோறு சமைத்துப் போட ஆள் இருக்கும் ஒரு மிதக்கும் வீடு தரும் ஓய்வைக் குறைத்து மதிப்பிட முடியாது. வாடகை அறைக் கணக்கில் வருவதால் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் தாங்கக்கூடியதாகவே இருக்கும். வண்டிகளை இரவு முழுவதும் எங்கே நிறுத்துவார்கள், பூட்டிய காம்பவுண்டா திறந்த வெளியா என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டுவிட வேண்டும்.

மற்றொன்று, கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டும் பயணிகள் படகு. ஆலப்புழைக்கும் கோட்டயத்துக்கும் இடையே இரண்டரை மணி நேரம், பேருந்துக் கட்டணம் போன்ற கட்டணத்தில், வேம்பநாட்டு ஏரியையும் கடல்மட்டத்துக்குக் கீழே உழுது நடப்படும் குட்டநாட்டு வயல்களையும் கடந்து செல்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடையோடு வரும் பெண்களும் ஏறி இறங்கும் அந்தப் படகில், ஊரார் எப்படி நீரோடு வாழ்கிறார்கள் என்பது தெரிகிறது. படகுவீட்டின் ஜன்னலில் அது தெரிவதில்லை. எங்கள் குழுவில் இதைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை என்றாலும், என் வாக்கு அரசுப் படகுக்கே. வண்டிகளை ஆலப்புழையில் நிறுத்திவிட்டு ஒரு வழி போய், அடுத்த படகில் திரும்பினால் ஒரு பகல் நிறைவாகக் கழியும். ஆகாயத்தாமரை வாய்க்காலை அடைத்துக்கொள்ளும் காலங்களில் படகு கோட்டயம் துறை வரை வராமல் முன்னதாகவே நின்றுவிடுவதும் உண்டு என்பதால், கிளம்பும் முன் படகுத்துறையில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பைக்கோடு சேர்ந்தே நீரைக் கடக்க வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், ஆலப்புழையிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் சென்று, ஃபோர்ட் கொச்சியில் வைப்பின் தீவுக்குப் போகும் ரோ-ரோ படகில் வண்டியை ஏற்றலாம். சில நிமிடச் சவாரிதான். புகைப்படத்துக்கு ஆகும், பயணத்தின் மையமாக வைக்கும் தகுதி அதற்கு இல்லை.

ஒகேனக்கல்லில் நேரக் கண்டிப்பு குறைவு. பரிசலோட்டி நமக்காகக் காத்திருப்பார், காவிரி காத்திருக்காது. கர்நாடக அணைகளிலிருந்து திறக்கப்படும் நீரைத் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் அளந்து, வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் சவாரிக்குத் தடை விதித்துவிடும். தென்மேற்குப் பருவ மாதங்களில் இது அடிக்கடி நடப்பது. மதுரையிலிருந்து சேலம், தருமபுரி, பென்னாகரம் வழியாக 340 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போய், அருவியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பும் அபாயம் சிறியதல்ல. பென்னாகரத்துக்குப் பிறகு வரும் மலைப்பாதையைத் தவிர மீதிச் சாலையில் பெரும்பகுதி நான்குவழிச் சாலையின் சலிப்பு. திரும்பி வருகையில் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளுக்கு வழிவிட்டு, இடைவெளி விட்டு, தனித்தனியாக இறங்க வேண்டும். இத்தனையும் கடந்து பரிசல் ஓடும் நாளில் போய்விட்டால், பாறைச் சுவர்களுக்கு நடுவே தட்டாமாலை சுற்றும் அந்த வட்டப் படகுக்கும், துறையில் நாமே வாங்கிக் கொடுக்கும் மீனை மசாலா தடவிப் பொரித்துத் தரும் பெண்களின் கைப்பக்குவத்துக்கும் மற்ற மூன்று இடங்களிலும் ஈடில்லை. பத்துப் பேரை ஒரே பரிசலில் ஏற்ற மாட்டார்கள்; மூன்றாகப் பிரிந்தே போக வேண்டியிருக்கும்.

பிச்சாவரம், மலைச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்களுக்கானது. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம் என்று ஏற்றமே இல்லாத டெல்டாச் சாலை. நேரத்தைத் தின்பது ஊர்களும் பேருந்துகளும்தான். அங்கே மோட்டார் படகைத் தவிர்த்துத் துடுப்புப் படகையே எடுக்க வேண்டும், ஏனெனில் சுரபுன்னை என்னும் அலையாத்தி மரங்களின் வேர்கள் இருபுறமும் கவிந்த குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். தில்லை மரத்தை யாராவது காட்டினால் ஒடிக்கக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் கேடு.

ஆகவே மாதம்தான் ஊரை முடிவு செய்கிறது. ஆடி, ஆவணியில் குட்டிக்கானத்தில் மழையும் மூடுபனியும், ஒகேனக்கல்லில் வெள்ளமும் இருப்பதால் பிச்சாவரமே மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிச்சாவரத்தையும் கழித்துவிடும். கார்த்திகை பிறந்தது முதல் மகரவிளக்கு வரை குமுளிச் சாலை ஐயப்ப பக்தர்களின் வாகனங்களால் நிரம்பி, கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும் நடக்கும் என்பதால், அந்த இரண்டு மாதமும் பைக் கூட்டத்துக்கு ஏற்றதல்ல. எங்கள் குழு தை மாத நடுவில் மூன்று நாள் பயணமாக ஆலப்புழையை முடிவு செய்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்குள் அங்கிருந்து கிளம்பினால், மலை இறக்கத்தை வெளிச்சத்தில் முடித்து, இரவு எட்டு மணிக்கு மதுரையில் இருக்கலாம். கடைசி வண்டிக்கு மாற்று டியூப் இப்போதே வாங்கிவைத்தாயிற்று.