நூறாண்டு வெள்ளக் கணக்கோடு பதினெட்டு ஆண்டுகள்

பாலம் கட்டுபவரும் கரை எழுப்புபவரும் என்னிடம் கேட்பது ஒரே எண்தான்: நூறாண்டு வெள்ளம், அதாவது எந்த ஓர் ஆண்டிலும் எட்டவோ தாண்டவோ நூற்றில் ஒரு வாய்ப்புள்ள ஓட்டம், எவ்வளவு? அதைச் சொல்லப் பதினெட்டு ஆண்டுகளாகப் பல முறைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். எந்தப் பரவல் (எந்த அளவு வெள்ளம் எவ்வளவு அடிக்கடி வரும் என்று காட்டும் கணித வளைகோடு) சிறந்தது என்ற வாதத்திலேயே அதில் பாதிக் காலம் கழிந்துவிட்டது.

தொடங்கியது கும்பெல் முறையில். (தமிழில் இது அடிக்கடி ‘கும்பல்’ என்று அச்சாகிவிடும். கணிதவியலாளர் எமில் கும்பெலோ, ஜெர்மனியில் வலதுசாரிக் கும்பல்கள் செய்த அரசியல் கொலைகளைக் கணக்கெடுத்து அம்பலப்படுத்தியவர். 1932-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் வேலையையும் இழந்தார்.) 1941-இல் அவர் ஆற்று வெள்ளத்துக்குப் பொருத்திக் காட்டிய இந்த முறை, கைக்கு அடக்கமானது. ஒவ்வோர் ஆண்டின் உச்ச ஓட்டத்தையும் வரிசைப்படுத்தி, சராசரியோடு திட்ட விலக்கத்தைப் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) போல் 3.137 மடங்கைக் கூட்டினால் நூறாண்டு வெள்ளம் வந்துவிடும். சராசரி விநாடிக்கு 1,000 கனமீட்டர், திட்ட விலக்கம் 400 என்றால் விடை ஏறக்குறைய 2,255.

அந்த ‘2,255’ என்னை நெடுங்காலம் ஏமாற்றியது. கையில் இருப்பது முப்பது ஆண்டுப் பதிவு மட்டுமே என்றால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மை விடை இருக்கக்கூடிய எல்லை) 1,700-க்கும் 2,800-க்கும் நடுவே விரிகிறது. கடைசி இலக்கம் வரை எழுதியது வெறும் பாவனை. அந்த இடைவெளிகூட, ஆறு கும்பெல் பரவலுக்குக் கட்டுப்பட்டது என்று நம்பினால்தான். அந்தப் பரவலின் கோட்ட அளவு, அதாவது எண்கள் ஒரு பக்கமாகச் சாயும் அளவு, 1.14 என நிலையாக நிற்பது. எல்லா ஆறுகளும் அந்தச் சட்டைக்குள் நுழைவதில்லை.

அடுத்து மடக்கை பியர்சன் மூன்றாம் வகை: ஓட்டங்களின் மடக்கையை (log) எடுத்துப் பொருத்தும் பரவல். அமெரிக்கக் கூட்டரசு அமைப்புகள் 1967 முதல் இதைத்தான் பரிந்துரைக்கின்றன. கோட்டத்தையும் தரவிலிருந்தே எடுத்துக்கொள்வதால் வளைந்து கொடுக்கும். ஆனால் குறுகிய பதிவில் கோட்டம் என்பது ஓரிரண்டு ஆண்டுகளின் தயவில் இருக்கிறது. ஒருமுறை, ஆறு ஏறக்குறைய வற்றிக் கிடந்த ஓர் ஆண்டை நீக்கிவிட்டுக் கணக்கிட்டேன். நூறாண்டு வெள்ளம் கணிசமாக உயர்ந்தது. மடக்கை எடுத்ததும் அந்தச் சின்ன எண் கீழே வெகுதூரம் விலகி நின்று, வளைகோட்டின் மறுமுனையையும் தாழ்த்தியிருந்தது. வறட்சி ஆண்டு வெள்ளத்தின் அளவைத் தீர்மானிப்பது என்ன நியாயம்? அமெரிக்கரின் பிந்தைய வழிகாட்டியான புல்லட்டின் 17சி, இத்தகைய தாழ்ந்த மதிப்புகளைச் சலித்தெடுக்க ஒரு சோதனையை வைத்திருக்கிறது. அது இல்லாமல் இந்த முறையைத் தொட மாட்டேன்.

பொதுமை உச்சமதிப்புப் பரவலில் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது. கும்பெல் இதன் ஒரு தனி வகைதான். வடிவ அளவுரு (வளைகோட்டின் வாலைத் தீர்மானிக்கும் எண்) பூச்சியமானால் கும்பெல், ஒரு பக்கம் போனால் கனத்த வால் (மிகப் பெரிய வெள்ளங்களுக்குக் கூடுதல் வாய்ப்பு), மறுபக்கம் போனால் மேல்வரம்பு (அதைத் தாண்டி வெள்ளமே வராது). அந்த மேல்வரம்பில்தான் சறுக்கினேன். புள்ளியியலாளர் ஹாஸ்கிங் 1990-இல் முறைப்படுத்திய எல்-மொமென்ட் வழியில் (வரிசைப்படுத்திய தரவிலிருந்து பரவலின் அளவுருக்களைக் கணிக்கும் முறை) பொருத்தியபோது, வந்த மேல்வரம்பு பதிவில் உள்ள மிகப் பெரிய வெள்ளத்தைவிடக் குறைவு. அதாவது, நடந்து முடிந்த வெள்ளம் நடக்கவே முடியாது என்று கணினி சொன்னது. இருபத்தைந்து எண்களிலிருந்து வடிவத்தைக் கறக்கப் பார்த்தால் இப்படித்தான். இப்போது ஒத்த இயல்புள்ள ஆறுகளின் பதிவுகளைச் சேர்த்தே வடிவத்தைக் கணிக்கிறேன். பிரிட்டனின் 1999 வெள்ள மதிப்பீட்டுக் கையேடு போன பாதை அது. நான் பயன்படுத்தியவற்றில் மனநிறைவு தந்தது இந்தப் பாதை மட்டும்தான்.

ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய உச்சங்களை எல்லாம் எடுக்கும் முறையையும் முயன்றேன். தரவு பெருகும், ஆனால் ஒரே மழையில் வந்த இரட்டை உச்சத்தை இரண்டு வெள்ளமாக எண்ணிவிடாமல் காவல் இருக்க வேண்டும். அளவை எங்கே வைப்பது என்பதிலும் மனம் ஊசலாடும். எனக்கு ஒத்துவரவில்லை.

இத்தனைக்கும் அடியில் ஒரு விஷயத்தைத் தாமதமாகத்தான் கவனித்தேன். பெருவெள்ளத்தின்போது ஆற்றுக்குள் இறங்கி நீரோட்டத்தை அளப்பவர் அரிது. அளவுகோலில் மட்டம் பதிவாகும். ஓட்டத்தை, நடுத்தர வெள்ளங்களில் அளந்து வரைந்த வளைகோட்டை மேலே நீட்டிப் படித்துக்கொள்கிறோம். கரை உடைத்து நீர் வயலில் பரவிய பிறகு அந்தக் கோடு அப்படியே நீளாது. ஒரு நிலையத்தில் முதலிடத்தில் இருந்த வெள்ளத்தை ஆற்றின் குறுக்குவெட்டை வைத்து மறுபடி கணக்கிட்டோம். அந்த ஒரு திருத்தம் விடையை நகர்த்திய அளவுக்கு, நான் மல்லுக்கட்டிய மூன்று பரவல்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை! பழைய சுவரில் இருக்கும் வெள்ளக் குறி, பதிவு தொடங்குவதற்கு முந்தைய பெருவெள்ளத்தைப் பற்றிய பெரியவர்களின் நினைவு ஆகியவற்றையும் இப்போது தேடி எடுக்கிறேன். புல்லட்டின் 17சி அவற்றையும் கணக்கில் சேர்க்க வழி தருகிறது.

மேலே அணை கட்டிய ஆண்டையும் முதலில் கேட்டுவிடுவேன். அணைக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே பட்டியலில் போட்டால், இரண்டு ஆறுகளைக் கலந்ததாகவே அர்த்தம்.

அறிக்கையில் ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லை இப்போது தவிர்க்கிறேன். அது வந்து போய்விட்டால் இன்னும் நூறு ஆண்டுகளுக்குக் கவலை இல்லை என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், முப்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு உண்டு; அதையும் மதிப்பீட்டின் கீழ்வரம்பு, மேல்வரம்பு இரண்டையும் எழுதிக் கொடுக்கிறேன். அறிக்கை போன மறுநாளே தொலைபேசி வரும்: “சரி சார், இதில் எந்த எண்ணை எடுத்துக்கொள்ளட்டும்?” பாலம் போனால் அக்கரையில் இருப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறேன்.