டிரஸ் வாரியா, வகை வாரியா? கன்சோலில் லைட்டுக்கு நம்பர் போடும் சண்டை

சிவராத்திரி வந்துவிட்டால், மேடைக்கு லைட் இயக்கும் எங்களுக்குத் தூக்கம் வேனில்தான். இன்று தஞ்சாவூர் நாட்டியாஞ்சலி, நாளை கும்பகோணம், அது முடிந்த கையோடு பங்குனி, சித்திரைத் திருவிழாக் கச்சேரிகள். மேடை தினம் வேறு, வாடகைக்கு வரும் லைட்டும் வேறு. மாறாமல் கூட வருவது போர்டில், அதாவது லைட்டுகளை இயக்கும் கன்சோலில், நாங்கள் பதிந்து வைத்திருக்கும் ஷோ ஃபைல் மட்டும்தான். அதில் லைட்டுகளுக்கு எப்படி நம்பர் போடுவது என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி.

டிரஸ் என்றால் உடுப்பு அல்ல, மேடைக்கு மேலே லைட் தொங்கும் உலோகச் சட்டம். டிரஸ் வாரிக் கட்சி, முன் டிரஸ்ஸுக்கு 1 முதல், பின் டிரஸ்ஸுக்கு 21 முதல், தரையில் நிற்பவற்றுக்கு 41 முதல் என்று போடும். அண்ணாந்து பார்த்தாலே நம்பர் தெரிந்துவிடும். ஒரு லைட் எரியவில்லையா, ஏறுகிற தம்பியிடம் “பின்னாடி டிரஸ்ல மூணாவது” என்றால் போதும். வருஷக்கணக்கில் அதே கம்பியில் அதே லைட் தொங்கும் அரங்கத்துக்கு இதுவே சரி.

நான் வகை வாரிக் கட்சி. ஓரிடத்தில் வட்டமாக விழும் ஸ்பாட் 101 முதல், பரவலாக விழும் வாஷ் 201, கோடாகப் பாயும் பீம் 301, நீளப் பட்டையான எல்இடி பார் 401. ஒவ்வொன்றும் ஜனங்கள் பக்கமிருந்து பார்க்க இடமிருந்து வலம். மன்னார்குடிப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் பன்னிரண்டு பீம் வரும் என்றார்கள். வந்தது எட்டு, அதுவும் வேறு கம்பெனி. டிரஸ் வாரியாகப் போட்டிருந்தால் ஒவ்வொரு வரிசையிலும் நடுநடுவே பல் விழுந்திருக்கும். எனக்கு 309 முதல் 312 வரை காலி, அவ்வளவுதான். லைட் மாடல் மாறினால் சமாளிக்க, கிராண்ட்எம்ஏ போர்டில் குளோன், அவோலைட்ஸ் போர்டில் எக்ஸ்சேஞ்ச் என்று வழி இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் இந்த நம்பரையும் டிஎம்எக்ஸ் முகவரியையும் குழப்பிக்கொள்வார்கள். டிஎம்எக்ஸ் என்பது போர்டு லைட்டுக்குக் கட்டளை அனுப்பும் முறை. அதன் முகவரி லைட்டில் வைப்பது. ஒரு யூனிவர்ஸில், அதாவது ஒரு டிஎம்எக்ஸ் லைனில், 512 சேனல். தலை திரும்பும் லைட்டான மூவிங் ஹெட் 16 சேனல் என்றால் 1, 17, 33 என்று 32 லைட் அடங்கும். நம்பர் நாம் போர்டில் வைக்கும் பெயர் மாதிரி. இரண்டுக்கும் சம்பந்தமே வேண்டியதில்லை.

அடுத்த சண்டை பிரீசெட்டில், அதாவது லைட் திரும்பும் இடத்தையோ நிறத்தையோ பெயர் போட்டுப் பதிந்து வைப்பதில். சிலர் லைட்டைத் திருப்பி, அந்த மதிப்பை நேராகக் கியூவிலேயே (நிகழ்ச்சியில் வரிசையாக ஓட்டும் ஒவ்வொரு லைட் மாற்றத்திலேயே) பதிந்துவிடுவார்கள். ஆரம்பத்தில் வேகம்தான். ஒரு நாட்டியாஞ்சலியில் நிகழ்ச்சிக்குச் சற்றுமுன் நடராஜர் சிலையை நாலடி தள்ளி வைத்துவிட்டார்கள். நான் ‘நடராஜர்’ பிரீசெட்டை எடுத்து, ஆறு ஸ்பாட்டையும் திருப்பி, அப்டேட் அடித்தேன். அதைக் கூப்பிடும் கியூ எல்லாம் தானாகத் திருந்திவிட்டன. முந்தின வருஷம் இதே கோளாறில் நண்பர் ஒருவர் கியூ கியூவாகத் திறந்துகொண்டிருந்தார். அதற்குள் அடுத்த குழு சலங்கை கட்டி முடித்துவிட்டது. அதனால் பொசிஷன் 1, 2 என்று பெயர் வைக்காதீர்கள். ‘நடராஜர்’, ‘நட்டுவாங்கம்’, ‘நடு’ என்று வையுங்கள்.

பொசிஷனை லைட்டுக்கு லைட் தனியாகத்தான் பதிய வேண்டும். நிறத்தை வகைக்கு ஒன்று பதிந்தால் போதும். இதற்கு கிராண்ட்எம்ஏவில் குளோபல் என்று பெயர், அவோலைட்ஸில் ஷேர்டு. அவோலைட்ஸில் குளோபல் என்றால் எல்லா வகைக்கும் பொது! போர்டு மாறி உட்காரும் நாளில் இது காலை வாரும். எல்இடி பாரின் ஆம்பரும் (ஆரஞ்சு சாயும் மஞ்சள்) மூவிங் ஹெட்டின் ஆம்பரும் ஒன்றல்ல. பட்டுச் சரிகையில் விழும்போது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இரண்டையும் கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்து ஒரே பட்டனில் பதிகிறேன்.

வகை வாரியில் குறை இல்லாமல் இல்லை. முன் டிரஸ் முழுக்க லைட் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் ஒரு ஓட்டம் விட வேண்டும் என்றால் நம்பர் உதவாது, ‘முன் டிரஸ்’ என்று குரூப் போட வேண்டும். செத்த லைட்டைத் தேடுவதும் தாமதம்தான். டேப்பில் நம்பர் எழுதி ஒட்டிப் பார்த்தேன், மாசிப் பனியில் விடிவதற்குள் கழன்று விழுந்துவிடுகிறது. இப்போது லைட்டை டிரஸ்ஸில் மாட்டும் கிளாம்ப்பிலேயே மார்க்கரால் எழுதுகிறேன். லைட் வாடகைக்கு விடுபவர் பார்த்தால் முகம் சுளிக்கிறார்.